முக்கோணத்தை வீட்டுக்குக் கொண்டுவருதல்

1

கட்டடத்துக்குக் கம்புச் சாரம் கட்டுகிறவர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் சிமெண்டுத் தூசியில் விரலால் ஒரு முக்கோணம் வரைந்தார். யாரோ வரும் சத்தம் கேட்டதும் காலால் அழித்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. செங்கல் சுமக்கிறவன் எழுதுவது இது. எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகுதான் வந்தது. அடுக்கு கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "அன்று வானம் இருண்டு" — வேண்டாம். வானத்தை அண்ணாந்து பார்க்க எங்களுக்கு எங்கே நேரம்?

இரண்டாவது: "அவருடைய மகன் செத்துப்போய்" — இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது. சரி, சொல்லியாயிற்று. இருக்கட்டும்.

2

காலை. சாரக்காரரின் மகள் கட்டம் போட்ட தாளைத் தரையில் பரப்பி உட்கார்ந்திருக்கிறாள். இன்று கணக்குத் தேர்வு, இரண்டாம் முறை. இதிலும் தவறினால் தையல் கம்பெனிதான். அம்மா அங்கே சொல்லி வைத்துவிட்டாள்.

கணக்கு இது: ஒரு முக்கோணத்தைத் தாளின் மையப்புள்ளியைச் சுற்றிக் கால் சுற்றுச் சுழற்று. பிறகு வலப்பக்கம் மூன்று கட்டம் நகர்த்து. இப்போது அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவா. இதற்கு நேர்மாறு என்று பெயர். [புத்தகத்தில் இன்னும் கடுமையாக இருக்கிறது.]

அவள் முதலில் திருப்பிச் சுழற்றினாள். பிறகு திருப்பி நகர்த்தினாள். முக்கோணம் வேறெங்கோ போய் நின்றது.

"மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சுப்பா."

"குடிச்சிருக்கும்."

"அண்ணன் இருந்தா சொல்லியிருப்பான். போறது வரைக்கும் சொல்லிக் குடுத்தான். திரும்பி வர்றதை அப்புறம் சொல்றேன்னான்."

3

இந்த இடத்தில் சாரக்காரரைக் கணக்குப் புலியாக்கிவிடலாம், கைதட்டு கிடைக்கும். ஆனால் அவருக்கு அந்தத் தாளில் ஒரு மண்ணும் புரியவில்லை. அவள் கை போகிற வரிசை மட்டும் புரிந்தது. முதலில் செய்ததை முதலில் அவிழ்க்கிறாள். சாரத்தில் அப்படிச் செய்யமாட்டார்கள். கடைசியாகக் கட்டியதைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும்.

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் மகள் தேறிவிடுவாள்.

அந்த வாக்கியத்துக்குள்தான் மகன் கிடந்தான். வேறொரு கட்டடத்துக்குக் கம்பு வேண்டுமென்று மேஸ்திரி அவசரப்படுத்த, மேலே மகன் நிற்கும்போதே கீழ்க்கட்டு ஒன்றை அவிழ்த்தது அவர் கை.* வீட்டில் சொன்னது வேறு: "கால் வழுக்கிடுச்சு." மகள் மக்கு இல்லை. வரிசையைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்று அவருக்குத் தெரியும்.

"என்னப்பா முழிக்கிறீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா? ஏதாவது சொல்லுங்க."

அவர் வாயைத் திற —

* மேலே இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது, தாங்கும் என்று நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

4

இங்கே பேனா நின்றுவிட்டது.

ஒரு முடிவில், சொல்லிவிடுகிறார். அவள் முதலில் திருப்பி நகர்த்துகிறாள், முக்கோணம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. "அப்ப அண்ணன் அன்னைக்கு..." என்கிறாள். அழுதுகொண்டே கிளம்புகிறாள்.

இன்னொன்றில், "நேரமாச்சு, கிளம்பும்மா" என்கிறார். அழுதுகொண்டே கிளம்புகிறாள்.

இரண்டிலும் தேர்வறைக்கு வந்து சேர்வது அதே சிவந்த கண்கள்தான். அவள் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு: மூன்றின் வர்க்கமும் ஒன்பது, கழித்தல் மூன்றின் வர்க்கமும் ஒன்பது. ஒன்பதை மட்டும் கையில் கொடுத்தால் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அந்த மாதிரிச் சார்புக்கு நேர்மாறு கிடையாதாம்.

[மூன்றாவதாக ஒரு முடிவும் எழுதினேன். அதில் எல்லாக் கட்டும் இறுகியிருக்க, மகன் மெதுவாக இறங்கி வந்து தண்ணீர் கேட்கிறான். அடித்துவிட்டேன்.]

வினாத்தாள் கொடுத்தாயிற்று. முக்கோணக் கணக்கு வந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொண்டுவர அவள் முதலில் நகர்த்தினால், அவர் சொல்லிவிட்டார். முதலில் சுழற்றினால், அவள் இன்னும் அப்பாவை நம்புகிறாள். இரண்டில் எது அவளுக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. கொத்தனார் கத்துகிறார், நான் செங்கல் ஏற்றப் போக வேண்டும். நீங்கள் அவள் பக்கத்தில் இருங்கள். அளவுகோலை எடுத்துவிட்டாள்.