வாரத்துக்கு ஒரு தப்பு

லாண்டரிக்கார அக்காவின் தம்பி ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். இன்று அவர் ஓர் இயக்கத்துக்கே ‘வழிகாட்டி’. பாதிப் பத்திரிகைகள் மகான் என்கின்றன, மீதி மோசடிக்காரர் என்கின்றன. அக்காவைக் கேட்டால், “கல்லுளிமங்கன், வேறென்ன?” என்பாள்.

அவளுக்குக் கோபம் இருக்காதா? இயக்கத்தில் சேர்ந்தவர்கள் பெற்றவர்களோடுகூட ஒட்டும் உறவும் வைக்கக் கூடாதென்று சட்டம் போட்டவன் அந்தத் தம்பிதான். அவளுடைய ஒரே மகள் அதை நம்பிப் போனவள், மூன்று வருஷமாக ஒரு போன்கூட இல்லை.

இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் செய்த ஒரு தப்பை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மேடையில் உட்கார்ந்தபடியே ‘மன்னித்தோம்’ என்பார் வழிகாட்டி. பதினெட்டு வருஷத்தில் அவர் மட்டும் எழுந்ததே இல்லை. ஊருக்குத்தானே உபதேசம்!

அந்த ஞாயிறு அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்த கையோடு கூட்டத்துக்குள் போய் நின்றாள். மூன்றாம் வரிசையில் மகள், எலும்பும் தோலுமாக. அம்மாவைப் பார்த்ததும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் தப்பு ரொம்பப் பழசு,” என்றாள் அக்கா. “சின்ன வயசுல என் தம்பி பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிய உடைச்சான். நான்தான் உடைச்சேன்னு சொல்லி அடி வாங்கினேன். அப்புறம் அவன் எது செஞ்சாலும் அடி எனக்குத்தான். பாசம்னு நெனச்சேன். தப்பை ஒத்துக்கற பழக்கமே அவனுக்கு வராம பண்ணிட்டேன். டேய், இந்தத் தடவ அடி என் பொண்ணு மேல விழுதுடா. என்னால தாங்க முடியல. நீயே சொல்லு.”

தொண்டர்கள் இருவர் அவளைப் பிடிக்க ஓடினார்கள். “விடுங்க,” என்றார் வழிகாட்டி. இப்போது மன்னித்தோம் என்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

தம்பி எழுந்தான்.

“கண்ணாடிய உடைச்சது நான்தான்.” கூட்டத்தின் பக்கம் திரும்பினான். “அந்தச் சட்டமும் தப்பு. நீங்கல்லாம் என்னை விட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்து போட்டேன். வீட்டுக்குப் போங்க. பெத்தவங்களப் பாருங்க. அப்புறமும் வரத் தோணினா வாங்க.”

சிலர் கத்தினார்கள், சிலர் அழுதார்கள். நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்த மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

“அக்கா, மன்னிச்சிட்டியா?” மேடையிலிருந்து தம்பி கேட்டான்.

“மொதல்ல இவளுக்குச் சோறு போடணும்,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நீயும் வந்து சேரு. சாப்பிட்டப்புறம் திட்டறேன்.”