பைத்தான் என்று கூப்பிட்டால்

மித்யானா ஊருக்குப் போகும் வண்டி நகர எல்லையிலிருந்த புசேகா சந்திப்பைக்கூடத் தாண்டவில்லை, பெர்பெத்துவாவின் போன் அடித்தது. ரத்த வங்கியிலிருந்து வாஸ்வா. பெயரைப் பார்த்ததுமே அவளுக்கு அலுப்புத் தட்டியது. அந்த வங்கியின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் வாஸ்வா, லீவு நாளில் நலம் விசாரிக்கக் கூப்பிடமாட்டான்.

"மேடம், லேபிள் அடிக்க மாட்டேங்குது. நான் ஒண்ணுமே பண்ணல."

"அந்த ஒண்ணுமே இல்லாததைத்தான் கேக்குறேன். என்ன பண்ணின?"

கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினான். ரத்தம் கொடுத்தவர்களுக்குச் செய்தி அனுப்பும் புது நிரலுக்குப் பைத்தான் மொழியின் புதுப் பதிப்பு வேண்டுமாம். நிறுவினான். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். 'பைத்தான்' என்று யார் கூப்பிட்டாலும் இனிமேல் புதியதுதான் வரவேண்டும் என்று, பழையதன் பெயரையும் அதன் பக்கம் திருப்பிவிட்டான். அந்தப் பெயரை நம்பி லேபிள் நிரல் மட்டுமா இருக்கிறது? கணினியையே இயக்கும் லினக்ஸின் சொந்தக் கருவிகளே பாதி அதை நம்பித்தான் ஓடுகின்றன. எல்லாம் விழி பிதுங்கி நின்றுவிட்டன. கட்டளைத் திரைகூடத் திறக்கவில்லை. பயத்தில் கண்டதையும் வேறு அழித்து வைத்திருந்தான்.

லேபிள் ஒட்டாமல் ஒரு பை ரத்தம்கூட வெளியே போகாது. ஆஸ்பத்திரி வண்டிகள் வாசலில் காத்துக் கிடந்தன.

அன்று மதியம் மித்யானாவில் அவள் அண்ணன் மகள் இம்மாக்குலேட்டைப் பெண் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வழக்கப்படி, வரும் ஆண்களில் மாப்பிள்ளை எவன் என்று சபைக்குக் காட்டவேண்டியவள் பெண்ணின் அத்தை. அவள் காட்டாமல் காரியம் நகராது. இம்மாக்குலேட்டைத் தூக்கி வளர்த்த அத்தை இவள்தான். இந்த நாளுக்கென்றே பச்சைப் பட்டில் தரை தொடும் கோமேசி அங்கி தைத்து உடுத்தியிருந்தாள்.

"மாப்பிள்ளையைக் காட்டற நேரத்துக்குள்ள வந்துடுவேன்ணே," என்று அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கி, கோமேசியைச் சுருட்டிப் பிடித்தபடி வாடகை பைக்கில் ஏறி ரத்த வங்கிக்குத் திரும்பினாள்.

"மேடம், நீங்கதான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க," என்றான் வாஸ்வா.

"வாயை மூடிட்டு நகரு."

'பைத்தான்' என்ற பெயரைப் பழையதன் பக்கமே திருப்பினாள். அழித்தவற்றை ஒவ்வொன்றாக மீட்டாள். புதியதைத் தனி இடத்தில் வைத்து, புது நிரல் மட்டும் அதை முழு முகவரி சொல்லிக் கூப்பிடும்படி செய்தாள். கண் எரிந்தது, முதுகு விட்டுப் போயிற்று.

"ரெண்டும் இருக்கட்டும்டா. ஆனா ஒருத்தர் இடத்துல இன்னொருத்தரை உட்கார வைக்காதே. பழைய ஆளை நம்பிக் கூப்பிட்டவன் என்ன பண்ணுவான்?"

லேபிள் இயந்திரம் கரகரவென்று அடிக்க ஆரம்பித்தது. வண்டிகள் கிளம்பின. அவளும் ஓடினாள்.

மித்யானாவில் பந்தலுக்கடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அத்தைக்கு விரித்த பாயில் சித்தப்பா மகள் ஃபுளோரா உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தைக்கென்று கொண்டுவந்த கூடை அவள் பக்கத்தில் இருந்தது.

"எவ்வளவு நேரம்தான் அவங்களை உட்கார வைக்கிறது?" என்றான் அண்ணன். "ஃபுளோராவும் முறைக்கு அத்தைதானே. எல்லாம் நல்லபடியா நடந்துச்சு, ஒரு குறையும் இல்ல. நீ சாப்பிடு."

குறை இல்லைதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தட்டிலிருந்த வாழைக்காய் மசியலான மத்தோக்கேயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பந்தலின் மறுகோடியிலிருந்து இம்மாக்குலேட் கூப்பிட்டாள். "அத்தை!"

பெர்பெத்துவா கோமேசியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அதற்குள் ஃபுளோரா, "இதோ வர்றேன்டி," என்று போய்விட்டாள்.