ஹைவே இல்லாத வழி

இரண்டு மாதத்துக்குக் கார் ஓடக் கூடாது என்று கண் வைத்தியர் சொன்ன அன்றே, பத்திநாதர் சாவியைக் கதவோரத்து ஆணியில் கொழுவிவிட்டார். இடது கண்ணில் விழித்திரை கிழிந்து ஒப்பரேஷன் நடந்திருந்தது.

"இந்த வருஷம் றிகோ மாதாவிட்டப் போகேலாது. அடுத்த வருஷம் பாப்பம்" என்றார்.

மனைவி அக்னெசுக்கு அது பொறுக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, மொன்ட்ரியால் தமிழ்க் கத்தோலிக்கர் திரளாக றிகோவிலுள்ள லூர்து மாதா கெபிக்குப் போவார்கள். கண் பழையபடி தெரிய வேண்டும் என்று ஒப்பரேஷன் அறைக்கு வெளியே இருந்தபடி அவள் நேர்ந்திருந்தாள். அந்த நேர்த்தியை ஒரு வருஷம் தள்ளிப்போட மனம் வரவில்லை.

பங்கில் பழக்கமான கிறகரியைக் கேட்டார்கள். "என்ர வானில ஒரே ஒரு சீற்தான் கிடக்கு அக்கா. ஒராள் வாறதெண்டால் பிரச்சினை இல்லை" என்றார் அவர். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் போவதில் என்ன இருக்கிறது?

அக்னெசிடமும் லைசன்ஸ் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன் எடுத்தது. எடுத்த கிழமையே நகரின் நடுவால் உயரத்தில் ஓடும் ஹைவேயில் ஏறி, இரண்டு பக்கமும் லொறிகள் நெருக்க, லேன் மாற முடியாமல் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, மொன்ட்ரியால்-நோரில் எங்கேயோ இறங்கி, ஒரு தெப்பனேர் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு அழுதவள் அவள். பத்திநாதர் பஸ் பிடித்து வந்து காரை எடுத்துப் போனார். அதற்குப் பிறகு வீடு இருக்கும் ரொக்ஸ்பரோவுக்குள்ளேயே அவள் ஓட்டம் முடிந்துவிட்டது: சமையல் வேலை பார்க்கும் கார்துறி என்ற பிள்ளைகள் காப்பகம், கோயில், கடை. ஹைவே பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

மகள் றொஷினி ஒட்டாவாவுக்குப் படிக்கப் போகும்போது பழைய கொம்பியூட்டரை வீட்டில் விட்டுப்போயிருந்தாள். ஒரு பின்னேரம் அக்னெஸ் அதன் முன்னால் உட்கார்ந்து, கூகுள் மேப்பைத் திறந்து, வீட்டு விலாசத்தையும் றிகோவையும் அடித்தாள். நீலக் கோடு ஒன்று நேரே நாற்பதாம் ஹைவேயில் ஏறி மேற்கே ஓடியது. முக்கால் மணித்தியாலம் என்று காட்டியது. ஹைவேயைத் தவிர்க்கவா என்று பக்கத்தில் ஒரு பெட்டி கேட்டது. அழுத்தினாள். கோடு கொஞ்சம் நெளிந்தது. ஆனாலும் மொன்ட்ரியால் தீவை விட்டு வெளியேறும் இடத்தில் அதே பெரிய பாலத்தைத்தான் பிடித்தது.

கோட்டை மௌசால் பிடித்து இழுக்கலாம் என்று கண்டது தற்செயலாகத்தான். கை தவறிப் பட்டதும் அது ரப்பர் போல அவளோடு வந்தது. வடக்கே இழுத்தாள். கோடு இல்-பிசாருக்குள் புகுந்து, அந்தச் சின்னத் தீவின் மறுகரைக்குப் போய், ஆற்றைக் கடந்து லவாலில் ஏறி, சென்-யூஸ்தாஷ் ஊடாக ஓக்காவுக்குப் போய், அங்கேயும் தண்ணீரைக் கடந்து ஹட்சனில் இறங்கி, கிராமத்து றோட்டால் றிகோவைத் தொட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட. ஆனால் ஓரிடத்திலும் ஹைவே இல்லை.

தண்ணீரின் மேல் எப்படிக் கோடு போகிறது? சற்றலைட் படத்துக்கு மாற்றிக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பாலம் இல்லை. ஆற்று நடுவில் வெள்ளையாக ஒரு சின்னச் சதுரம், அதன் மேல் பொட்டுப் பொட்டாகக் கார்கள்.

"இஞ்ச வந்து பாருங்கோ, இது என்னெண்டு?"

பத்திநாதர் நல்ல கண்ணைத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். "பாதை எல்லே! கார் ஏத்துற பாதை" என்றார். ஊர்காவற்றுறைக்காரர், ஆறோ கடலோ வாகனம் ஏற்றிக் கடத்தும் மிதவையைப் பாதை என்றுதான் சொல்வார். "இருபது வருஷமாய் இந்தப் பக்கம் இருக்கிறன், எனக்குத் தெரியாது. எதுக்கு இதைப் பாக்கிறீர்?"

"நான் ஓடுறன். நாங்கள் போவம்."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

புதன்கிழமை வேலை முடிந்து அவள் தனியே இல்-பிசார் துறைக்குப் போய்ப் பார்த்தாள். நின்ற ஆளிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "திமான்ஷ், உவேர்?" என்று கேட்டாள். ஞாயிறும் ஓடும், பொழுதுபடும் வரை ஓடும் என்று அவன் கைகாட்டிச் சொன்னான். ஓக்காப் பாதைக்கு போன் பண்ணிக் கேட்டாள். பிறகு ஒவ்வொரு திருப்பத்தையும் பெரிய எழுத்தில் அச்சடித்து ஏழு தாள்களைப் பின் பண்ணினாள்.

ஞாயிறு காலை வெயில் நன்றாக இருந்தது. முதலாவது பாதை மூன்று நிமிஷத்தில் அவர்களை லவாலில் இறக்கிவிட்டது. கார்கள் மெதுவாகப் போகும் றோட்டுகள். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தபோது மட்டும் அவள் கை ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டது. சென்-யூஸ்தாஷில் பத்திநாதர் ஒரு முறை மட்டும், "இதில ஹைவேயில ஏறினால் அஞ்சு நிமிஷத்தில ஓக்கா" என்றார். அவள் தாளில் இருந்தபடியே அடுத்த திருப்பத்தில் திரும்பினாள்.

ஓக்காவில் வரிசை நீண்டு கிடந்தது. சைக்கிள்காரரும், சுற்றுலா வந்தவர்களும், அப்பிள் தோட்டத்துக்குப் போகிறவர்களும். ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பூசை பதினொன்றுக்கு.

"பூசை தவறப்போகுது" என்றாள் அக்னெஸ், குரல் உடைந்து. "மேப்பில இந்த வரிசையைக் காட்டேல்லையே."

பத்திநாதர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கப்படாது" என்றார். "போன வருஷம் றிகோவால வரேக்க மழை பெஞ்சது, ஞாபகமோ? எனக்கு லேன் கோடே தெரியேல்லை. கிறகரியின்ர வானின்ர சிவப்பு லைற்றைப் பாத்துக்கொண்டுதான் வீடு வந்து சேந்தனான்."

"என்னது?"

"அதுக்கு முதலே கண் மங்கத் துவங்கீற்றுது. ஓட வேண்டாமெண்டு சொல்லிப்போடுவினம் எண்ட பயம். நான் ஓடாட்டி ஆர் ஓடுறது எண்டு யோசிச்சன்."

அக்னெஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் பின் சீற்றில் றொஷினி படுத்திருந்தாள். அக்னெஸ் முன்னால் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். நூறு கிலோமீற்றர் வேகத்தில், கண் தெரியாத மனுசனை நம்பி.

வரிசை நகர்ந்தது. காரைப் பாதையில் ஏற்றி நிறுத்தினாள். மற்றவர்கள் இறங்கிக் காற்று வாங்கப் போனார்கள், அவள் இறங்கவில்லை. அவர் வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றார். ஒரு கண்ணுக்கு மேல் வெள்ளைத் துணி. காற்றில் சேர்ட் படபடத்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, முழுக்கக் கரையவில்லை.

ஹட்சன் தாண்டி, இரண்டு பக்கமும் சோளம் நின்ற றோட்டில்தான் வாய் திறந்தாள்.

"டொக்டர் ஓடலாமெண்டு சொன்னாலும், மழைக்கும் இருட்டுக்கும் நீங்கள் ஓடக்கூடாது. நான்தான் ஓடுவன்."

"ஓம்."

"கண்ணில ஒரு சின்ன வித்தியாசமெண்டாலும் எனக்குச் சொல்லோணும்."

"ஓம் அக்னெஸ்."

அவர்கள் கெபிக்கு ஏறும்போது பூசை முடிந்து, சனம் மரங்களுக்குக் கீழே விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கிறகரி கையில் புரியாணித் தட்டோடு எழும்பி வந்தார். "எங்க அக்கா இவ்வளவு நேரம்? நாற்பதில இண்டைக்கு ஒரு காரில்லை. நாங்கள் முக்கால் மணித்தியாலத்தில வந்திட்டம்!"

"நாங்கள் ரெண்டு ஆறு கடந்து வந்தனாங்கள்" என்றார் பத்திநாதர். "முழுக்க இவதான் ஓடினவ."

அக்னெஸ் மெழுகுதிரி கொளுத்தி, மாதாவின் முன்னால் நெடுநேரம் முழந்தாளில் நின்றாள். என்ன கேட்டாள் என்று அவர் கேட்கவில்லை. கீழே வந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

நான்கு மணிக்குச் சனம் கலைந்தது. "எனக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வாங்கோ அக்கா, மெதுவாய்ப் போறன்" என்றார் கிறகரி. அவள் சிரித்துத் தலையாட்டி மறுத்துவிட்டு ஹட்சன் றோட்டில் திரும்பினாள்.

துறையில் இந்த முறையும் வரிசை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தாள். பத்திநாதர் சீற்றைப் பின்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல நித்திரை. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் காருக்குள் நித்திரை கொண்டதை அக்னெஸ் அன்றுதான் கண்டாள். முன்னால் நின்ற கார் நகர்ந்தபோது, அவர் முழித்துவிடாதபடி மெல்ல பிரேக்கை விட்டாள்.