வலது பக்கம் உருளு

“வலது பக்கம் உருளு,” என்றார் அவர்.

அவள் இடது பக்கம் உருண்டாள். திரையில் இருந்த சின்ன வீரன் நேராக எருமையின் காலடியில் போய் விழுந்தான். கல்லால் ஆன எருமை அது. ஒரே மிதி. திரை சிவந்து, கறுத்தது.

“செத்துட்டேன்,” என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அறையில் எப்படி விழுந்தது என்று அவளுக்கு உறைத்தது.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூக்கில் செருகியிருந்த ஆக்சிஜன் குழாயை அவள் சரிசெய்தாள்.

“நீ எங்க செத்த? கொன்னுட்டேன்னு சொல்லு. பாவம், அவன்.”

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே அடுத்த லாரி வந்து நிற்கும்வரை இந்த வீடியோ கேமைத்தான் ஆடிக்கொண்டிருப்பார். இந்த விளையாட்டில் எத்தனையோ பாகங்கள் வந்துவிட்டன. மற்றதெல்லாம் டி.வி.யில் மாட்டி வாரக்கணக்கில் ஆடுகிறவை. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்று விடாமல் ஆடியிருக்கிறார். இது மட்டும் கைக்குள் அடங்குகிற கருவிக்கென்று செய்த குட்டிப் பாகம். ஒவ்வொரு வேட்டையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் இதைப் பெரிதாக மதிப்பதில்லை என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு மறுபடி அதையேதான் எடுப்பார்.

அவள் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கருவியைத் துடைத்து வைத்திருக்கிறாளே தவிர, ஆடியதில்லை. போன வாரம் அவர் விரல்கள் வீங்கிப் பட்டனை அழுத்த முடியாமல் போனபோது, “நீ அழுத்து, நான் சொல்றேன்,” என்று நீட்டினார். மறுக்கத் தோன்றவில்லை.

எருமைக்கு அவர் வைத்திருந்த பெயர் சூப்பர்வைசர். “எங்க சூப்பர்வைசர் மாதிரியே. முன்னாடி வர்றப்போ பயப்படக் கூடாது. பக்கவாட்டுல போய் நின்னுட்டா ஒண்ணும் பண்ணத் தெரியாது.”

காலையில் நர்ஸம்மா வந்திருந்தாள். அவர் மூச்சு இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

“ஊசி போட்டா வலி தெரியாது. நிம்மதியா தூங்குவாரு. ஆனா மறுபடி முழிப்பாரான்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

அவர் உள்ளேயிருந்து கேட்டுவிட்டார். “சுண்டு வரட்டும், சிஸ்டர். அப்புறம் போடுங்க.”

சுண்டு அவர்களுடைய ஒரே மகள். பாலம் கட்டுகிற இடத்தில் பொறியாளர். பாதி உலகம் தாண்டி வர வேண்டும். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று விமான நிலையத்திலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள்.

“அதுவரைக்கும் தூங்க விடாம பாத்துக்கோங்க,” என்றாள் நர்ஸம்மா. “ஊசி இல்லாமலும் தூக்கத்துலயே அவர் அப்படியே போயிடலாம்.” முன்னறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் அவள் பேசிப் பார்த்தாள். வாடகைக்கு இருந்த பழைய வீட்டைப் பற்றி, சுண்டு முதல்முதல் சைக்கிளில் விழுந்ததைப் பற்றி. இனிமையான பேச்சு அவருக்குத் தாலாட்டாக ஆனது, கண் சொருகியது. கருவியை எடுத்தாள். அவள் தப்பாக உருண்டபோதுதான் அவர் கண் முழுசாகத் திறந்தது.

அதைக் கண்டுகொண்ட பிறகு அவள் நன்றாக ஆடவேயில்லை. வீரன் மருந்து குடிக்க வேண்டிய நேரத்தில் வாளை வீசினாள். வாளை வீச வேண்டிய நேரத்தில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“கண்ணாடியில அத்தினி சின்ன திருகாணி போடுற. இந்த பட்டன் தெரியலையா உனக்கு?”

“திருகாணி என்னை மிதிக்க வராதுங்க.”

“பின்னாடி போ. போன்னா போகணும், வேடிக்கை பாக்கக் கூடாது.”

திட்டும்போது அவர் குரலில் பழைய கனம் கொஞ்சம் இருந்தது. கூண்டிலிருந்து கீழே பார்த்து அதட்டுகிற குரல். மதிய வெயில் கட்டில் காலைத் தொட்டு, போர்வைக்கு ஏறியது. அவள் விழுந்துகொண்டே இருந்தாள். பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் எரியத் தொடங்கியிருந்தது.

ஒரு தடவை மறந்துவிட்டாள். வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள் போல. விரல்கள் தாமாக வேலை பார்த்தன. வலது பக்கம் உருண்டு, பக்கவாட்டில் நின்று, குத்தி, விலகி, மறுபடி குத்தி. எருமை முழங்கால் மடிந்து, மலை சரிவதுபோலச் சரிந்தது. திரை முழுக்கப் பொன்னாக மினுங்கியது. வீரன் வாளைத் தூக்கிப் பிடித்தான். அவளுக்கே ஒரு கணம் நெஞ்சு துள்ளியது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பினாள். கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்தாள், தெரியவில்லை. கையை வைத்தாள். வெகு மெல்ல ஏறியது.

வெற்றியைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

“என்னங்க,” என்று தோளை அசைத்தாள். “செத்துட்டேங்க.”

இமைகள் பிரிய நேரமாயிற்று. “எப்படி?”

“இடது பக்கம் உருண்டேன்.”

“வலது பக்கம்னு... எத்தன வாட்டி...”

“மறந்துட்டேன். திரும்பச் சொல்லுங்க.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் புரிந்தவர்போல உதட்டோரம் ஒரு பக்கமாக இழுபட்டது.

“வேணும்னேதான விழுற?”

அவள் திரையைப் பார்த்தாள். எருமை முழு உயிரோடு வந்து நின்றிருந்தது.

“சரி,” என்றார். “வலது பக்கம். அது தலையைத் தாழ்த்துறப்போ.” மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு சேர்த்து.

வெயில் சுவருக்குப் போனபோது வாசலில் டாக்சி நின்றது. சுண்டு பெட்டியைப் போட்டது போட்டபடி உள்ளே வந்தாள். ஷூவில் எந்த ஊர் மண்ணோ காய்ந்திருந்தது. கட்டிலருகே மண்டியிட்டு அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

“உங்கம்மாவுக்கு,” என்றார், “இன்னும் உருளத் தெரியல.”

“நீங்க சொல்லிக் குடுக்கற லட்சணம் அப்படி,” என்றாள் மகள். குரல் உடையாமல் சொல்லி முடித்துவிட்டாள். அவர் அவளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நர்ஸம்மா ஊசியோடு வந்தாள்.

வலியில் இறுகியிருந்த புருவம் தளர்ந்தது. ஆளுக்கொரு பக்கம் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு போட எழுந்திருக்கலாமா என்று அவள் நினைத்த நேரத்தில், அடுத்த மூச்சு வரவில்லை.

அப்புறம் வீடு நிறைந்தது. துறைமுகத்து ஆட்கள் வந்து வெளியே நின்றார்கள். சுண்டு எல்லோருக்கும் நாற்காலி போட்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, கட்டிலருகிலேயே இருந்த அவள் கையை இரண்டு கைகளாலும் அழுத்தினாள். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

வலது கட்டைவிரல் நுனி சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பியிருந்தது.

“அடுப்புல சுட்டுக்கிட்டியாம்மா?”

“ஆமாக்கா,” என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரம்மா சமையலறைக்குப் போய்க் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு விரலை உள்ளே விட்டாள். தண்ணீர் ஆடி அடங்கிய பிறகும் எடுக்கவில்லை.