ஆச்சா மரத்தின் இரட்டை இலை

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் நான் இருபத்தாறு வருடம் டிம்பர்மேன். பாறை இறங்காமல் கட்டைகளால் முட்டுக் கொடுப்பது என் வேலை. கட்டை முறிவதற்கு முன் முனகும். அந்தச் சத்தத்தை வைத்தே ஆட்களை வெளியே அனுப்பியிருக்கிறேன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூற்றாறில் என் மகள் ஷைலா பி.யு.சி. இரண்டாம் வருடம். வனத்துறை மாணவர்களுக்காக நடத்திய மூன்று நாள் முகாமுக்குக் காமசமுத்திரம் காட்டுக்குப் போனாள். திரும்பி வந்ததும் சாப்பிட உட்காராமல் ஓர் இலையை நீட்டினாள். ஒரே காம்பில் ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டு இலைகள்.

"இது இன்னா மரம் சொல்லுப்பா."

"இலைய வச்சி இன்னாத்த சொல்றது? கட்டைய காட்டு."

"டிம்பர்மேனாம். ஆச்சாப்பா இது. எவ்ளோ வெயில் அடிச்சாலும் நம்ம மண்ணுல நிக்கும். நீங்கல்லாம் ஷாஃப்ட்ல இறக்கறீங்களே யூகலிப்டஸ், அது இந்த ஊர் மரமே இல்ல."

"நாமளுந்தான் இந்த ஊர் இல்ல. வேலூர்லருந்து வந்தோம். பேசாம சாப்புடு" என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி விமலா.

முகாமை நடத்திய ரேஞ்சர் மம்தா, பிள்ளைகளுக்குக் காட்டு மரங்களோடு காட்டு வேலைகளையும் சொல்லிக் கொடுத்திருந்தார். விதை சேகரிப்பு, நாற்றுப் பண்ணை, வனக் காவல். அடுத்த வாரமே சிர்சி கல்லூரியில் வனவியல் படிக்க விண்ணப்பத்தோடு வந்து நின்றாள் ஷைலா. அப்பா கையெழுத்து வேண்டும்.

எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துப் பூமி அதிர்ந்தால் சைரன் ஊதும். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். யார் மேலே வரவில்லை என்று, இறங்கும்போது அவரவர் டோக்கனை மாட்டிய பலகை சொல்லிவிடும். சைரன் ஊதாவிட்டால் எல்லோரும் பத்திரம். அப்படியே வாழ்ந்து பழகிவிட்டோம்.

"காட்டுல உனக்கு ஒண்ணு ஆச்சின்னா எந்த சைரன் ஊதும்?" என்றேன்.

"நீ மூவாயிரம் அடி கீழ போறப்ப நான் பேசாம ஸ்கூலுக்குப் போவல? நான் பூமிக்கு மேலதானப்பா நடக்கப் போறேன்."

அவள் சொன்னது நியாயம்தான். அதனாலேயே கோபம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. கடைசித் தேதி போனது.

அவளுக்குப் பெங்களூரில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பெண்கள் விடுதி, வாசலில் வாட்ச்மேன், எட்டு மணிக்குக் கதவு பூட்டிவிடுவார்கள். எனக்கு நிம்மதி. தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் அவளுக்கு மூளைக் காய்ச்சல். விடுதியிலிருந்து அடித்த தந்தி மூன்றாம் நாள்தான் வந்தது. நான் ஷிஃப்ட் முடிந்து குளித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எந்த சைரனும் ஊதவில்லை.

வருடந்தோறும் ஜூன் மாதம் ஷைலா பெயருக்கு மம்தாவின் கடிதம் வரும். புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், மரம் காட்ட நீயும் வா என்று. உயிரோடு இருந்தவரை, லீவு இல்லை என்று அவள் பெங்களூரிலிருந்து பதில் போட்டாள். பிறகு வந்தவற்றுக்கு நான் பதில் போடவில்லை. செத்துப்போனாள் என்று எழுதினால், ஏன் பெங்களூர் போனாள் என்றும் எழுத வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கம் மூடியது. ஜூனில் மறுபடி கடிதம் வந்தது. காமசமுத்திரத்துக்கு நேரில் போனேன்.

மம்தா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஷைலா இறந்துபோனதை நான் சொல்லக் கேட்டார்.

"சிர்சியில சீட்டு கெடைக்கலன்னு எழுதியிருந்தா. அதான், இங்கயாவது வரட்டும்னு கூப்பிட்டுட்டே இருந்தேன்."

ஷைலா அப்படி எழுதியது எனக்குத் தெரியாது. என்னைக் காட்டிக்கொடுக்காமலே போயிருக்கிறாள். அதை அப்படியே விட்டுவிட்டு நான் வீடு திரும்பியிருக்கலாம்.

"சீட்டு கெடைக்காம இல்ல மேடம்" என்றேன். "நான்தான் கையெழுத்துப் போடல."

சற்றுத் தள்ளி இருபது பிள்ளைகள் ஒரு மரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். அது ஆச்சா. இலையைப் பார்த்தே தெரிந்தது.