விரிசலில் ஒட்டிய தாள்

முக்காலி மேல் ஏறி நின்று, தலைக்கு மேல் மச்சிலிருந்த விரிசலில் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள் வெள்ளைத்தாய். அச்சாபீசில் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள் தாள். பசையும் தீப்பெட்டி ஒட்டுகிற பசைதான், பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சியது. சிவகாசியில் அவள் வாடகைக்குக் குடியிருந்த வளவின் எட்டு வீட்டிலும் அவளைப்போல் சுருக்கமில்லாமல் ஒட்டுகிற கை கிடையாது. அதனால்தான் வீட்டுக்காரர் சீனிவாசகம் அவளைக் கூப்பிட்டார்.

அந்த வருஷம், அறுபத்திரண்டில், நகரசபை ஒரு சலுகை அறிவித்திருந்தது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் பழைய வாடகை வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு வீட்டு வரி பாதிதான். சீனிவாசகம் முகப்புக்கு வெள்ளையடித்தார். கறையான் தின்ற உத்தரங்களைத் தொடவில்லை. விரிசலில் தாளை ஒட்டி மேலே சுண்ணாம்பைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சலுகை வரட்டும், தை பிறந்ததும் உத்தரத்தை மாற்றித் தருகிறேன் என்று வெள்ளைத்தாயிடம் சொன்னார். எவராவது வாயைத் திறந்தால் எட்டு வீடும் காலிதான் என்றும் சொன்னார். இரண்டாவது பேச்சுதான் அவள் மனசில் தங்கியது. பெட்டி ஒட்டும் வேலை தருகிற தீப்பெட்டி ஆபீசுக்குப் பக்கத்தில் வேறு வீட்டுக்கு எங்கே போவது?

அவள் புருஷன் சங்கிலிமுத்து மட்டும் முனகினான்.

"ஏ புள்ள, பெட்டிக்கு ஒட்டுற தாளு மச்சைத் தாங்குமா?"

அவள் அடுத்த தாளுக்குப் பசை தடவினாள்.

நகரசபை ஓவர்சியர் வந்து வீடு வீடாக அண்ணாந்து பார்த்தார். மழைக்கு ஒழுகுகிறதா என்று அவளிடமே கேட்டார். சீனிவாசகம் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"இல்லைங்க. மொதலாளி நல்லாப் பாத்துக் குடுத்துட்டாக."

ஓவர்சியர் நம்பிப் போனார். சலுகையும் வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. முன்பெல்லாம் விரிசல் சொட்டும். சொட்டுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டுப் பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். இந்த முறை ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டு ராக்காயி, வெள்ளைத்தாயின் கையைப் புகழ்ந்துகூடப் பேசினாள். சுண்ணாம்பில் லேசாக ஈரம் பூத்திருந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தண்ணீரெல்லாம் தாளுக்குப் பின்னால் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ராக்காயி மேல் மச்சுக் காரை மொத்தமாக இறங்கியது. வலது தோள் நொறுங்கிவிட்டது. கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனி அந்தக் கை வேலைக்கு ஆகாது என்றார் டாக்டர்.

ஓவர்சியர் மறுபடி வந்தார். காரையோடு காரையாக லேபிள் தாள் நைந்து கிடந்தது. சீனிவாசகம் முந்திக்கொண்டார்.

"ஒழுகலன்னு இவதான சார் சொன்னா. கேளுங்க."

வளவே வெள்ளைத்தாயைப் பார்த்தது. அவள் குனிந்து நைந்த தாளைக் கையில் எடுத்தாள்.

"ஆமா சார், நாந்தேன் சொன்னேன். இந்தத் தாளையும் நாந்தேன் ஒட்டுனேன். எட்டு வீட்டுலயும் ஒட்டியிருக்கு, வாங்க காட்டுறேன்."

நாளைக்கே சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்பு என்றார் சீனிவாசகம்.

"போறேன் மொதலாளி. வரியக் குறைச்சது ஒங்க மடி நெறையவா? எங்க தலைக்கு மேல உள்ளது விழுகாம நிக்கணும்னுதேன குறைச்சாக. அது எங்களுக்கு வந்த சலுகை. பயந்துபோயி அதை நானே ஒங்க கையில எடுத்துக் குடுத்துட்டேன். ஏமாத்துறவுகளுக்குப் பயந்து வாயப் பொத்துனா, அடுத்த வீட்டுக்காரி தலையிலதேன் வந்து விழுகுது. இனிமே பொத்த மாட்டேன்."