வெயில் தைத்த சீருடை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சாலினா கடற்கரை விடுதியில் மூச்சுவிட நேரம் கிடையாது. மாட்ரிட், பில்பாவோ, வாலென்சியா நகரங்களெல்லாம் ஒட்டுமொத்தமாகக் கிளம்பி வந்து இறங்கும். காரை நிறுத்திய கையோடு துணியைக் கழற்றிப் பெட்டியில் திணித்துவிட்டால், பதினைந்து நாளைக்கு அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரொட்டிக்கடை வரிசையில் நின்றாலும் அம்மணம்தான், தோளில் ஒரு துண்டு தொங்கும், அது உட்காருகிற இடத்தில் விரிப்பதற்கு. உடம்பில் துணியோடு யாராவது தென்பட்டால் அது வேலையாள். யார் விருந்தாளி, யார் கூலிக்காரர் என்று குழம்பவே வழியில்லாத இடம் அது.

காசில்தாவுக்கு அங்கே பதினேழாவது கோடை. முழங்கை வரை கையும் முழங்கால் வரை பாவாடையும் கழுத்தில் முக்கோணத் திறப்புமாக ஒரு வெளிர்நீலச் சீருடை. காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியில் விரிப்புகளை அடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினால், பதினெட்டு வீடுகளில் படுக்கை மாற்றிவிட்டு நாலு மணிக்குத்தான் நிழலுக்கு வருவாள். ஐம்பத்து மூன்று வயதில் இடுப்புக்கு மேலே முதுகில் யாரோ ஆணி அறைந்துவிட்டுப் பிடுங்க மறந்த மாதிரி ஒரு வலி. குனிகிற வேலையை விடாவிட்டால் இன்னும் இரண்டு கோடைதான் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நல்லவேளையாக இந்த வருஷம் மேற்பார்வைக்காரி ஓய்வு பெறுகிறாள். அந்த இடம் கிடைத்தால் சாவிக்கொத்தும் ஒரு பட்டியலும்தான் சுமை. காசில்தாவை விட்டால் அதற்கு வேறு ஆளில்லை என்று சலவைக்கூடம் முழுக்கப் பேச்சு. ஆனால் முடிவு மேலாளர் கையில். மேலாளரோ, வழக்கமாக வருகிற விருந்தாளிகளின் சங்கத் தலைவர் லெயாந்த்ரோவைக் கேட்காமல் ஒரு குடையைக்கூட இடம் மாற்றி நட மாட்டார்.

லெயாந்த்ரோ பில்பாவோவில் பெரிய வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் கோடையில் காசில்தா அவரை, பெயரோடு 'ஐயா' சேர்ப்பது போல, 'தோன் லெயாந்த்ரோ' என்று மரியாதையாக அழைத்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அந்த தோன், நீங்க, வாங்க எல்லாம் பில்பாவோல கழட்டி மாட்டிட்டு வந்துட்டேன் காசில்தா. துணி இல்லேன்னா முதலாளியும் கிடையாது, வேலைக்காரியும் கிடையாது. நான் வெறும் லெயாந்த்ரோ. நீ, நான், அவ்வளவுதான்."

அந்த 'நீ' நாக்கில் தடுக்காமல் வர அவளுக்கு மூன்று கோடை பிடித்தது. பிறகு பழகிவிட்டது. அவருடைய மனைவி மாய்தே, பார்த்தவுடன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பாள். போகிற அன்று அழக்கூடச் செய்வாள். இவர்களும் நம்மவர்கள்தான் என்று காசில்தா நம்பினாள். நம்பாமல் பதினேழு வருஷம் ஒருவருடைய படுக்கையை விரிக்க முடியாது.

இந்த ஆகஸ்டில் லெயாந்த்ரோவே பேச்சை எடுத்தார்.

"மேற்பார்வை வேலைக்கு உன் பேரத்தான் சொல்லப்போறேன். திங்கக்கிழமை முடிவு பண்றாங்க. ஆனா ஒரு குறை இருக்கு. பதினேழு வருஷமா ஞாயித்துக்கிழமை சோத்துக்குக் கூப்பிடறேன், ஒருநாளாவது வந்திருக்கியா? எங்களப் பாத்துக்கிற பொம்பளைக்கு எங்க வாழ்க்கை உள்ளேர்ந்து தெரிய வேணாமா?"

"எனக்குக் கூச்சமா இருக்கு, லெயாந்த்ரோ."

"கூச்சத்தையும் துணியோட சேத்துக் கழட்டு. நாங்க என்ன பேயா?"

ஞாயிறு அவளுக்கு மூன்று வாரத்தில் கிடைத்த முதல் விடுமுறை. வீட்டில் சொன்னபோது அவள் கணவன் ஹினேஸ், தக்காளிப் பண்ணையில் மருந்தடித்துவிட்டு வந்த கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

"அவங்க உன் முன்னாடி அம்மணமா நின்னா அதுக்குப் பேரு சுதந்திரம். நீ அவங்க முன்னாடி நின்னா அதுக்கு என்ன பேருன்னு போய்ப் பாத்துட்டு வா."

"வாயக் கழுவுய்யா. அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல."

"நான் என்ன சொன்னேன்? துண்டு எடுத்துட்டுப் போ. இல்லாட்டி உக்கார விட மாட்டாங்க."

கிறிஸ்துமஸுக்குப் பண்ணையில் கொடுத்த துண்டைத்தான் எடுத்துக்கொண்டாள். நடுவில் பெரிய தக்காளிப் படம் போட்டது. கடற்கரைப் புதர் மறைவில் துணியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். அங்கிருந்து அறுபது அடி தூரம்தான். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதை நினைத்துத் தைரியம் வந்தது. தான் செய்வது நல்ல காரியம்தான் என்றுகூடத் தோன்றியது.

மணலில் விறகு மூட்டி அகலமான இரும்புச் சட்டியில் சோறு வெந்துகொண்டிருந்தது. சுற்றி இருபது பேர். காசில்தாவைக் கண்டதும் பேச்சு அரை விநாடி நின்றது. பிறகு மாய்தே, "அடடே, வந்துட்டியா" என்றாள். முத்தம் கொடுக்க எழுந்திருக்கவில்லை. காசில்தா துண்டை விரித்துத் தக்காளி மேல் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவளுக்கே தன் உடம்பு கண்ணில் பட்டது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை ஒரே நிறத்தில், நன்றாக வறுத்த வேர்க்கடலை மாதிரி இருந்தார்கள். அவளுக்கு முழங்கைக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை. முழங்காலுக்குக் கீழே கறுப்பு, மேலே வெள்ளை. கழுத்தடியில் ஒரு கறுத்த முக்கோணம். சீருடையை அவள் அன்று வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். பதினேழு கோடை வெயில் அதையே அளவெடுத்துத் தைத்து மேலே மாட்டி அனுப்பியிருந்தது.

எதிரே இருந்த வாலென்சியாக்காரர் அந்த வருஷம்தான் புதிதாக வந்தவர். அவளை அவருக்குத் தெரியவே தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலி வாளியை நீட்டினார்.

"ஐஸ் தீந்துபோச்சு பாரு."

அவமானம் உறைக்கும் முன்பே அவள் கால்கள் எழுந்துவிட்டன. அதுதான் அவளுக்குப் பிற்பாடு ஆறவே இல்லை. யாராவது 'நீ உக்காரு' என்று சொல்லியிருக்கலாம். லெயாந்த்ரோ சட்டியைக் கிளறுவதில் மும்முரமாக இருந்தார்.

"எந்திரிச்சதுதான் எந்திரிச்சே, ரெண்டு எலுமிச்சம்பழமும் எடுத்துட்டு வந்துரு" என்றாள் மாய்தே.

கடற்கரைச் சமையலறையில் சமையல்காரி ரூஃபினா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். காசில்தா வாளியோடு வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு இன்னைக்கு லீவுதானடி?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நீ தூக்குற?"

காசில்தா வாளியில் ஐஸை நிரப்பி, இரண்டு எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டாள். ஐஸுக்கு ஒருமுறை, ரொட்டிக்கு ஒருமுறை, ஒயினில் கலக்கச் சோடாவுக்கு ஒருமுறை என்று சுடுமணலில் மூன்று நடை நடந்தாள். கடைசியாகத் திரும்பி வந்தபோது சட்டி காலியாகியிருந்தது. அடியில் முறுகிப் பிடித்த சோற்றைத்தான் எல்லோரும் அடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள், அதையும் சுரண்டிவிட்டிருந்தார்கள்.

"உனக்கு எடுத்து வைக்கணும்னுதான் நெனச்சேன்" என்றார் லெயாந்த்ரோ. அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை. கடலைப் பார்த்துப் பேசினார்.

எப்படியோ போகட்டும், திங்கட்கிழமை வரப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு துண்டை மடித்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். குளிர்சாதனம் போட்ட அறையில், முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"உன் வேலையப் பத்திக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல காசில்தா. ஆனா மேற்பார்வைக்கு கிரனாதாவிலேர்ந்து ஒரு பொண்ண எடுக்கறோம்."

"லெயாந்த்ரோ எனக்காகப் பேசறதா சொன்னாரே."

"பேசினாரு. உம்மேல அவருக்கு ரொம்பப் பிரியம். அதனாலதான் மனசுக்குக் கஷ்டமா இருந்தாலும் சொல்றேன்னாரு. நேத்து நீ அவங்களோட வந்து உக்காந்தது பல பேருக்குச் சங்கடமா இருந்துச்சாம். பொறுப்புல இருக்கறவங்களுக்கு ஒரு எல்லை தெரியணும்ல?"

"அவர்தான் சார் கூப்பிட்டாரு."

"கூப்பிடுவாங்க. நல்ல மனுஷங்க, கூப்பிடத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு மேலாளர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அழவில்லை. அழுதால் பன்னிரண்டு மணிக்குள் ஆறு வீட்டை யார் முடிப்பது? தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பதினோராம் எண் வீட்டுக்குப் போனாள்.

லெயாந்த்ரோ கட்டிலில் வழக்கம்போல அம்மணமாகக் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாய்தே வெளியே தோட்டத்தில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா காசில்தா. நேத்து நல்லா இருந்துச்சில்ல? அடுத்த வருஷமும் கட்டாயம் வரணும், சொல்லிட்டேன்."

காசில்தா வாசலிலேயே நின்றாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள்.

"தோன் லெயாந்த்ரோ, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? உங்க விரிப்ப மாத்தணும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "இது என்ன புதுசா?"

"தலகாணி உறையும் மாத்தணுங்க, தோன் லெயாந்த்ரோ. நீங்க எந்திரிச்சாத்தான் முடியும்."

பதினேழு வருஷம் அவள் அவருடைய முகத்தை மட்டுமே பார்த்திருந்தாள். இன்றைக்கு முதல்முறையாக, கறை எங்கே இருக்கிறது என்று விரிப்பில் தேடுவது போல, தலையிலிருந்து நிதானமாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். சரிந்த மார்பு, தொங்கும் வயிறு, அதற்குக் கீழே, மெலிந்த கால். எதையும் விடவில்லை. அவரும் அந்தப் பார்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பேப்பர் மெல்ல மடியில் இறங்கியது. பிறகு அது போதவில்லை என்று பட்டதோ என்னவோ, பக்கத்தில் கிடந்த துண்டை இழுத்து இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மாய்தே" என்று தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "என் கால்சட்டை எங்க இருக்கு?"

"கால்சட்டையா?" வெளியே கத்திச் சத்தம் நின்றது. "ஆகஸ்ட் மாசத்துல உனக்கு எதுக்குய்யா கால்சட்டை?"

அவர் கட்டிலை விட்டு இறங்கினார். துண்டைப் பிடித்தபடி சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். காசில்தா குனிந்து விரிப்பின் முனையை உருவினாள். முதுகில் அந்த ஆணி சுருக்கென்றது.